முதலில் குதிக்க வேண்டும்

மும்பை தீயணைப்புப் படையில் சேர உயரமும் ஓட்டமும் உதவும். அந்த வேலையில் உயிரோடு நிலைக்க வேறு பாடங்கள் வேண்டும். அவற்றில் சிலவற்றைக் கற்க வேண்டியது நகரம்தான்.

தரையிலிருந்து 19 அடி உயரம். மேலே நிற்கும் இளைஞனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கீழே சிலர் வட்டமாக நின்று ஒரு விரிப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அதில் அவன் குதிக்க வேண்டும். பிடித்திருப்பவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. அவர்கள் கைவிட மாட்டார்கள் என்று நம்பித்தான் ஆக வேண்டும்.

மும்பை தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கும்போது நடக்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. தயங்குகிறவர் யார், தயங்காதவர் யார் என்பது சில விநாடிகளில் தெரிந்துவிடுகிறது. குதிக்கும் இளைஞனுக்கும் ஒன்று தெரிந்துவிடுகிறது: இனி தன் உயிர் பெரும்பாலும் இன்னொருவர் கையில்.

இந்தியாவின் மிகப் பழைய தீயணைப்புப் படைகளில் ஒன்று இது. 1887 முதல் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கிறது. தலைமையகம் பைகுல்லாவில். அரசாங்க வேலை, மாதம் தவறாத சம்பளம், ஓய்வுக்காலப் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டு வருகிறவர்களே அதிகம். 910 இடங்களுக்கு 2023 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தஹிசர் மைதானத்தில் நேரடித் தேர்வு நடந்தபோது மகாராஷ்டிரத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். ஆரம்பச் சம்பளம் 21,700 ரூபாய்.

விதிமுறைகள் கறாரானவை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். மராத்தி எழுதவும் படிக்கவும் தெரிய வேண்டும். ஆண்கள் 172 செ.மீ., பெண்கள் 162 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆண்கள் 800 மீட்டரை மூன்று நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஆள் பொம்மையைத் தோளில் சுமக்க வேண்டும். பொம்மை ஏன் என்ற கேள்விக்கே இடமில்லை. மயங்கிக் கிடக்கும் மனிதன் ஒத்துழைக்க மாட்டான்.

புகைக்குள் பாடம்

தேர்வானவர்களுக்குப் பயிற்சி தொடங்கும்போது முதலில் கழற்றி வைக்க வேண்டியது வீரத்தைப் பற்றிய சினிமாக் கற்பனைகளை. எரிகிற வீட்டில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது தீ அல்ல, புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். சூடான புகை கூரையை ஒட்டி மிதக்கும். ஓரளவு நல்ல காற்று தரையருகேதான் இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் தவழ்ந்து போகிறார்கள். ஒரு கை எப்போதும் சுவரில் இருக்கும். கையை எடுத்தால் இருட்டில் திசை போய்விடும். கூடவே இழுத்து வந்த தண்ணீர்க் குழாய்தான் திரும்பிப் போக வழிகாட்டி.

மூடிய கதவை உடனே திறக்கக் கூடாது. புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே பிராணவாயு தீர்ந்து தீ அடங்கிக் கிடக்கலாம். கதவு திறந்து காற்று புகுந்ததும் அது வெடித்ததுபோல் வெளியே பாயும். தண்ணீரையும் கண்டபடி அடிக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சிறிய அறையில் அந்த ஆவி, குழாயைப் பிடித்திருப்பவரையே வேகவைத்துவிடும்.

முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் கவசம், கனத்த உடை, தலைக்கவசம், பூட்ஸ். எல்லாம் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். சிலிண்டரில் உள்ள காற்று அரைமணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ வரும். மாடி ஏறி மூச்சிரைத்தால் அதற்கு முன்பே தீரும். தீரப்போகும் நேரத்தில் விசில் ஒலிக்கும். அதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும் என்பது பாடம். அடுத்த அறையில் யாரோ முனகுவது கேட்கும்போது இந்தப் பாடத்தைக் கடைப்பிடிப்பதுதான் கடினம்.

தீ மட்டுமே வேலை அல்ல. மழைக்காலத்தில் இடிந்து விழும் பழைய கட்டடங்களும், சாலையில் சாயும் மரங்களும், மாஞ்சா நூலில் சிக்கிய பறவைகளும் இவர்கள் கணக்கில்தான். 2013 செப்டம்பரில் டாக்யார்டு ரோடு அருகே மாநகராட்சி ஊழியர் குடியிருப்பு சரிந்து 61 பேர் இறந்தபோது இடிபாடுகளுக்குள் நுழைந்து ஆட்களைத் தேடியவர்களில் இவர்களும் இருந்தார்கள்.

ஆண்களின் கோட்டையாக இருந்த துறையில் 2002-ல் ஓர் ஓட்டை விழுந்தது. நாக்பூர் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரியில் ஹர்ஷினி கன்ஹேகர் முதல் மாணவியாகச் சேர்ந்தார். அடுத்த பத்தாண்டுகளில், 2012-ல், மும்பை படையும் பெண்களை எடுத்துக்கொண்டது.

தெரிந்தவர்களே விழுந்தபோது

பயிற்சி எவ்வளவு இருந்தாலும் ஒரு தவறான விநாடி போதும். 2021 மார்ச் 8 அன்று கொல்கத்தா ஸ்டிராண்டு ரோட்டில் கிழக்கு ரயில்வே அலுவலகக் கட்டடத்தின் 13-வது மாடியில் தீப்பிடித்தது. மேலே போக லிஃப்டைப் பயன்படுத்தினார்கள். இறந்த ஒன்பது பேரில் நான்கு பேர் தீயணைப்பு வீரர்கள். தீப்பிடித்த கட்டடத்தில் லிஃப்டில் ஏறாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் துறைக்கே நேர்ந்த சோகம் அது.

மும்பைக்கு அதற்கு முன்பே ஒரு காயம் உண்டு. 2015 மே 9. கல்பாதேவியில் குறுகலான தெருக்களுக்கு நடுவே கோகுல் நிவாஸ் என்ற பழைய கட்டடம் எரிந்தது. உள்ளே அதிகாரிகள் இருந்தபோதே கட்டடம் சரிந்தது. சஞ்சய் ரானேயும் மகேந்திர தேசாயும் அங்கேயே இறந்தார்கள். படையின் துணைத் தலைவர் சுதிர் அமீனும் தலைவர் சுனில் நேசரிகரும் அந்த மாதம் முடிவதற்குள் மருத்துவமனையில் உயிர் விட்டார்கள். ஒரே தீயில் படை தன் தலைமையை இழந்தது.

புதிதாகச் சேரும் இளைஞன் யோசிக்க வேண்டிய விஷயம் இது. இறந்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். தீயைப் பற்றி அந்த நகரத்தில் அவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். ஆனால் பல பத்தாண்டுகளாகத் தளர்ந்துகொண்டிருக்கும் கட்டடம் எந்த நிமிடத்தில் விழும் என்பது எந்தப் பயிற்சியிலும் தெரியாது.

எட்டாத மாடிகள்

பழைய மும்பையின் ஆபத்து ஒரு விதம். புதிய மும்பையின் ஆபத்து இன்னொரு விதம். படை 2015-ல் வாங்கிய ராட்சத ஏணி 90 மீட்டர் எட்டும். வொர்லியில் எழுந்துள்ள வேர்ல்டு ஒன் கோபுரமோ 280 மீட்டர். ஏணிக்கு மேலே உள்ள மாடிகளில் தீப்பிடித்தால் அந்தக் கட்டடத்தின் குழாய், பம்பு, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு ஆகியவைதான் துணை. அவை வேலை செய்யாவிட்டால், 20 கிலோ சுமையோடு படியேறி வருபவர் வெறுங்கையோடு நிற்பார்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தில் 2006-ல் வந்த தீத்தடுப்புச் சட்டப்படி, தீயணைப்புச் சாதனங்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பது கட்டட உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் பொறுப்பு. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று வாங்க வேண்டும். ஆனால் அழைப்பு வந்து ஓடும்போது வீரர்கள் பார்ப்பது வேறு: படிக்கட்டில் பழைய சோபா, பூட்டிய மொட்டைமாடிக் கதவு, வண்டி நுழைய முடியாதபடி வரிசையாக நிற்கும் கார்கள். 2017 டிசம்பர் 29-ல் கமலா மில்ஸ் வளாகத்தில் மாடி உணவகங்கள் எரிந்து 14 பேர் இறந்த பிறகே மாநகராட்சி விதிமீறல்களை இடிக்கக் கிளம்பியது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நாடு முழுவதும் தீயணைப்பு நிலையங்களில் மௌன அஞ்சலி நடக்கிறது. 1944-ல் அதே நாளில் மும்பை விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் எரிந்தது. அதில் பருத்திப் பொதிகளோடு சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பிறகு கப்பல் வெடித்தபோது, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். வெடிபொருளையும் எளிதில் தீப்பற்றும் பருத்தியையும் ஒரே கப்பலில் ஏற்றும் முடிவை எடுத்தவர்கள் அவர்கள் அல்லர்.

19 அடி உயரத்தில் நிற்கும் இளைஞனுக்கு இதெல்லாம் அப்போது நினைவில் இருக்காது. பெயர் அழைக்கப்படும், குதிப்பான், விரிப்பு தாங்கும். வேலையில் சேர்ந்தபின் அவன் நுழையும் ஒவ்வொரு கட்டடத்திலும் விரிப்பைப் பிடித்திருக்க வேண்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்களும், அதைக் கட்டியவர்களும், கட்ட அனுமதித்தவர்களும்தான்.