மைதானம் யாருக்கு? – 11: சின்னப்பம்பட்டியிலிருந்து சேப்பாக்கம்

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் ஆடப் போன இந்தியர்கள் மதியச் சாப்பாட்டை மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்ததையும், அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தடை கண்ணுக்குத் தெரிந்தது. அதை எதிர்க்கப் புச்சிபாபுவிடம் செல்வமும் இருந்தது. கையில் காசில்லாதவனை யாரும் 'உள்ளே வராதே' என்று சொல்வதில்லை. அவன் வந்து சேர வழி இருக்காது, அவ்வளவுதான். இந்த வாரம் சேலம், நாமக்கல் பக்கம் போவோம்.

எடப்பாடி, தாரமங்கலம், சங்ககிரி, திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்களில், கை ஓடும்வரை வேலைதான். ஆனாலும் இங்கே கிரிக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. அறுவடை முடிந்த காட்டிலும் தண்ணீர் வற்றிய ஏரியிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். ஸ்டிச் பால் எனும் தோல் பந்து ஆட்டம்தான் எட்டாது. அதற்குப் பேட், கிளவுஸ், ஹெல்மெட், ஸ்பைக் ஷூ, ஒழுங்கான பிட்ச் எல்லாம் வேண்டும். ஒரு மட்டையின் விலைக்கு இங்கே ஒரு குடும்பம் பல நாள் சாப்பிடும்.

வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன் 1991-ல் பிறந்தது இதே பக்கத்தில் உள்ள சின்னப்பம்பட்டியில். அப்பா கூலித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இருபது வயதுவரை டென்னிஸ் பால்தான். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமைத் தாண்டாது, கிரிக்கெட் பந்தோ 156 கிராமுக்குக் குறையாது. டென்னிஸ் பந்து ஸ்விங் ஆகாது, எகிறி மிரட்டவும் செய்யாது. சின்ன மைதானத்தில் சிக்ஸர் வாங்காமல் தப்ப ஒரே வழி, பேட்ஸ்மேனின் கால்விரலில் போடுவதுதான். 2020 நவம்பரில் அபுதாபியில் ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கர் அந்தக் காட்டில் பழகியது.

ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ்தான் இந்தப் பையனைச் சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த நன்றியைப் பின்னாளில் நடராஜன் தன் சட்டையிலேயே எழுதிக்கொண்டார். சென்னை லீக்கில் நான்காவது டிவிஷனில் தொடங்கி விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறினார். 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் வங்காளத்துக்கு எதிராக முதல் ஆட்டம். அதோடு அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம் இருப்பதாகப் புகார் போனது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது என்பது விதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அகாடமியில் சேரும் பையனின் கையை எட்டு வயதிலேயே ஒரு கோச் பிடித்துத் திருத்திவிடுவார். தானாகவே வீசிப் பழகியவனுக்கு அந்தக் கோணலைச் சொல்ல யாருமில்லை. இருபத்து மூன்று வயதில், மாநில அணியில் நுழைந்த பிறகுதான் அது தெரிகிறது. கோச்சுக்குக் கட்ட முடியாத கட்டணத்தை ஆட்டமில்லாத மாதங்களாகக் கட்ட வேண்டியதாகிறது. வீட்டில் அஞ்சு வயிறு காத்திருக்கும்போது எத்தனை பேரால் அப்படி உட்கார முடியும்? சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா போன்ற பயிற்சியாளர்கள் உதவ, நடராஜன் கையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். திரும்பாமலே தறிக்குப் போனவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மீதிக் கதை ஊரறிந்தது. 2016 டிஎன்பிஎல், 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடி. நெட் பௌலராக ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், 4-ல் அங்கேயே டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார்.

உடனே சொன்னார்கள்: "திறமை இருந்தால் எங்கிருந்தும் வரலாம், நடராஜனைப் பாருங்கள்." நான் அவரைப் பார்த்துத்தான் இதை மறுக்கிறேன். ஒரு ஜெயப்பிரகாஷ் அந்த ஊரில் பிறந்திருக்காவிட்டால் நடராஜன் ஞாயிற்றுக்கிழமை பௌலராகவே முடிந்திருப்பார். அதே ஊரின் பெரியசாமி 2019 டிஎன்பிஎல்-லில் தொடர் நாயகன் ஆனார். ஒரே சிற்றூரில் இரண்டு பேர் என்றால், வழிகாட்ட ஆளில்லாத பக்கத்து ஊர்களில் எத்தனை பேர்? கிரிக்கெட் பிறந்த இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே தனியார் பள்ளியில் படித்தவர்கள் மக்களில் 7 சதவீதம். 2021-ல் இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு ஆடியவர்களிலோ 58 சதவீதம் என்று 2023-ல் வந்த விசாரணைக் குழு அறிக்கை சொல்கிறது.

வாழப்பாடி அருகே 2020-ல் பெரிய மைதானம் திறந்தார்கள். சின்னப்பம்பட்டியில் 2023 ஜூனில் நடராஜன் சொந்த முயற்சியில் ஒரு மைதானம் திறந்தார். இரண்டும் நல்ல காரியம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஜாலி ரோவர்ஸை நடத்தும் சன்மார் குழுமத்தின் ஆலை மேட்டூரில். சென்னையில் பல அணிகளை நடத்திய இந்தியா சிமென்ட்ஸின் ஆலை சங்ககிரியில். ஆலைகள் இங்கே, அணிகள் 340 கிலோமீட்டருக்கு அப்பால். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் அணி நடத்தும் நிறுவனங்களும் தேர்வாளர்களை ஞாயிறுதோறும் இந்தக் காடுகளுக்கு அனுப்பட்டும். கண்ணில் படும் பையனுக்கு ஷூவும் கோச்சும் மட்டும் போதாது. வீட்டுக்கு மாதச் சம்பளமும் கொடுங்கள், அவன் பதினைந்து வயதில் இருக்கும்போதே.

(தொடரும்)