மாணவனைத் தேடி வரும் பரீட்சைக் கூடம்!

கென்யா நாட்டின் தலைநகரம் நைரோபி. அங்கே ஒரு தெருவில் ஒருவர் குடியிருக்கிறார். எதிர்ச் சாரியில் அவருடைய நண்பர். கூப்பிட்டால் காதில் விழும் தூரம்.

ஒரு நாள் இவர், நண்பருக்குக் கம்ப்யூட்டர் மூலம் ஒரு கடிதம் அனுப்புகிறார்.

கடிதம் தெருவைத் தாண்டிப் போகவில்லை. ஆகாயத்தில் ஏறியது. செயற்கைக் கோளைத் தொட்டது. கடல் கடந்து அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ போனது. அங்கிருந்து மறுபடியும் ஆகாய வழியாகத் திரும்பி, எதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது!

இது வேடிக்கைக் கதை அல்ல. 2000-ம் ஆண்டு வரை கென்யாவில் இதுதான் நடைமுறை. இருவரும் வெவ்வேறு 'இன்டர்நெட்' கம்பெனிகளின் வாடிக்கைக்காரர்கள். அந்தக் கம்பெனிகள் உள்ளூரில் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. அதனால் எதிர் வீட்டுக் கடிதத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணம்!

மூடப்பட்ட சந்திப்பு

2000-ம் ஆண்டு நவம்பரில் கென்யா கம்பெனிகள் ஒன்று சேர்ந்து நைரோபியில் ஒரு சந்திப்பு நிலையம் திறந்தன. உள்ளூர்ச் செய்தியை உள்ளூரிலேயே கைமாற்றிக்கொள்வதற்கான ஏற்பாடு அது.

திறந்த சில வாரங்களிலேயே அது மூடப்பட்டது! வெளிநாட்டுத் தொடர்பை நடத்தும் ஏகபோக உரிமை சர்க்கார் டெலிபோன் கம்பெனியிடம் இருந்தது. அது ஆட்சேபம் செய்தது. நிலையத்தை நிறுத்தும்படி உத்தரவு வந்தது.

"இது வெளிநாட்டுத் தொடர்பே அல்ல, உள்ளூர்ச் செய்தியைப் பிரித்துக் கொடுக்கும் இடம்" என்று விஷயம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2002 பிப்ரவரியில் நிலையம் மறுபடியும் திறந்தது.

பலன் என்ன? 2012-ல் வெளியான ஓர் ஆய்வு அதைக் கூறுகிறது. முன்பு 200 முதல் 600 'மில்லி செகண்டு' பிடித்த செய்தி, இப்போது 2 முதல் 10 'மில்லி செகண்டில்' போய்ச் சேருகிறது!

இதற்கு வேண்டியிருந்தது ஓர் அறையும் சில பெட்டிகளும் மட்டும் அல்ல. அந்தப் பெட்டிகளை அறிந்த உள்ளூர் இஞ்சினீயர்கள் வேண்டியிருந்தது.

தபால் பிரிக்கும் பெட்டி

அந்தப் பெட்டிக்கு 'ரூட்டர்' என்று பெயர். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் ஊழியரைப் போன்றது அது. வந்த செய்தியின் விலாசத்தைப் பார்க்கும். எந்த வழியாகப் போனால் சீக்கிரம் சேரும் என்று தீர்மானிக்கும். அனுப்பி வைக்கும். ஒரு கண் சிமிட்டலுக்குள் ஆயிரக் கணக்கில் இப்படிப் பிரித்துவிடும்.

ஆனால் வழி சொல்லிக் கொடுப்பவர் மனிதர். அவர் ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் போதும். ஆஸ்பத்திரி, பாங்கி, காலேஜ் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும்.

இந்த வேலையில் கை தேர்ந்தவர் என்பதற்கு உலகம் ஏற்கும் சான்றுகளில் ஒன்று 'சி.சி.ஐ.இ.' 1993-ல் 'சிஸ்கோ' கம்பெனி இதை ஏற்படுத்தியது. தேறியவர்களுக்கு வரிசை எண் உண்டு. 1024-ம் எண் மனிதருக்குக் கொடுக்கப்படவில்லை. பரீட்சைக் கூடத்துக்கே கொடுக்கப்பட்டது! கம்பெனிக்கு வெளியே இருந்து முதலில் தேறிய டெர்ரி ஸ்லாட்டரிக்கு 1026.

ஆரம்பத்தில் செய்முறைப் பரீட்சை இரண்டு நாள் நடந்தது. 2001-ல் அது ஒரே நாளாயிற்று. எட்டு மணி நேரம்! முதல் முறையிலேயே தேறுகிறவர்கள் குறைவு. சான்று கிடைத்தாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு வருமானம்

மலாவி நாட்டின் தலைநகரம் லிலாங்வே. அங்கே கெட்டிக்கார இளைஞர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் இந்தப் பரீட்சை எழுத ஆசைப்படுகிறார்.

2020-ல் பரீட்சை முறை மாற்றி அமைக்கப்பட்டது. அப்போது எழுத்துப் பரீட்சைக்குக் கட்டணம் 400 டாலர். செய்முறைப் பரீட்சைக்கு 1,600 டாலர். அதாவது செய்முறைக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

உலக வங்கிக் கணக்குப்படி 2022-ல் மலாவி நாட்டில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 700 டாலருக்கும் குறைவு. சாப்பிடாமல், உடுக்காமல் இருந்தாலும் இரண்டு ஆண்டுச் சம்பாத்தியம் செய்முறைப் பரீட்சைக்குக் காணாது.

கட்டணத்தோடு முடிந்ததா? இல்லை. சென்னை இளைஞர் என்றால் இரவு ரயில் ஏறிக் காலையில் பெங்களூரில் இறங்கலாம். அங்கே நிரந்தரப் பரீட்சைக் கூடம் இருக்கிறது. ஆப்பிரிக்க இளைஞர்கள் பலர் துபாய்க்கோ பிரஸ்ஸல்சுக்கோ போக வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் வேண்டும். விசா வேண்டும். விமானக் கட்டணம், ஓட்டல் செலவு வேறு. தோற்றால் எல்லாம் முதலிலிருந்து!

இல்லாத பெட்டியில் பயிற்சி

பயிற்சிக்கு ரூட்டர்கள் வேண்டுமே? ஒன்று இரண்டு போதாது. பத்து, பதினைந்து வேண்டும். முன்பெல்லாம் பணக்காரக் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்குத்தான் அந்த வசதி இருந்தது.

அந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் பிரான்ஸ் நாட்டின் கிறிஸ்டோப் பியோ. 2005-ல் அவர் 'டைனமிப்ஸ்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். சாதாரணக் கம்ப்யூட்டரே ரூட்டர் போல நடிக்கும்! அதன் மேல் ஜெரமி கிராஸ்மன் 'ஜி.என்.எஸ். 3' என்ற வரைபலகையைக் கட்டினார். திரையில் பத்துப் பெட்டிகளை வரைந்து, கோடு போட்டு இணைத்துப் பழகலாம். இரண்டும் இலவசம்.

சிஸ்கோ கம்பெனியும் 1997-ல் பயிற்சிப் பள்ளித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 'பாக்கெட் டிரேசர்' என்ற பயிற்சிக் கருவியை மாணவர்களுக்கு அது இலவசமாகத் தருகிறது. 2022 வரை 190 நாடுகளில் ஒரு கோடியே 75 லட்சம் பேர் அந்தத் திட்டத்தில் படித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் படித்தது ஆரம்பப் பாடம். உச்சிப் படிக்கட்டு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஊர் ஊராக ஒரு பள்ளி

மாணவன் வர முடியாவிட்டால் பள்ளியே போனால் என்ன? இப்படி நினைத்தவர் கானா நாட்டுப் பேராசிரியர் நியி குவேனர். ஆப்பிரிக்க இன்டர்நெட்டின் தந்தை என்று அழைக்கப்படுகிறவர்.

அவரும் நண்பர்களும் 'ஆப்நாக்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 2000-ம் ஆண்டில் கேப்டவுனில் முதல் பயிற்சி முகாம் நடந்தது. மறு வருஷம் அக்ரா. பிறகு லோமே, கம்பாலா, டாக்கர் என்று ஆண்டுக்கு ஓர் ஊர். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஒரு மையம் கருவிகளும் ஆசிரியர்களும் கொடுத்து உதவியது. பாடம் இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் நடந்தது.

மாணவர்கள் கேட்டுவிட்டுப் போகவில்லை. பெட்டியைத் தொட்டார்கள். கெடுத்தார்கள். சரி செய்தார்கள். ஒரு முகாமில் மாணவராக இருந்தவர் பின்னால் இன்னொரு முகாமில் ஆசிரியரானார்! 2007-ல் 'ஜோனதன் போஸ்டல்' விருது குவேனரைத் தேடி வந்தது.

தனி அறைக்கு எங்கே போவது?

பரீட்சையும் மெல்ல நகரத் தொடங்கியது. நடமாடும் செய்முறைக் கூடங்கள் ஜோகன்னஸ்பர்க் போன்ற நகரங்களுக்கு வந்தன. பெரிய கருவிகள் தலைமைக் கூடத்தில் இருக்கும். மாணவர் தம் பக்கத்து ஊரிலிருந்தே அவற்றை இயக்கலாம்.

2020-ல் தொற்று நோய்க் காலத்தில் எழுத்துப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வழி பிறந்தது. காமிரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். ஆனால் அதற்கும் நிபந்தனை உண்டு. தனி அறை வேண்டும். வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. இணைப்பு அறுந்தால் பரீட்சையே பாழாகலாம்.

ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் யார் துணிந்து பணம் கட்டுவார்?

ஆகையால், வழி திறந்தது என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. ஊருக்கு ஊர் விளக்கு அணையாத, இணைப்பு அறாத ஒரு பரீட்சை அறை வேண்டும். காலேஜோ நூல் நிலையமோ அதைத் தரலாம். நாட்டின் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணம் வேண்டும். தோற்றவருக்கு மறு வாய்ப்பில் சலுகை வேண்டும். இவை எதுவும் செயற்கைக் கோள் விடுவது போன்ற பெரிய காரியம் அல்ல.

நைரோபியில் இன்று எதிர் வீட்டுக் கடிதம் கடல் கடக்க வேண்டியதில்லை. தெருவைத் தாண்டினால் போதும். கடிதத்துக்குக் கிடைத்த அந்த வசதி, லிலாங்வே இளைஞருக்கு எப்போது கிடைக்கும்?