காப்பர் டி பொருத்திய பின் உடலுறவு

காப்பர் டி என்பது கருப்பைக்குள் வைக்கப்படும் தற்காலிகக் கருத்தடைச் சாதனம் ஆகும். பேச்சு வழக்கில் இது லூப், வளையம் என்றும் அழைக்கப்படுகிறது. இதைப் பொருத்திய பின் எப்போது மீண்டும் உடலுறவு கொள்ளலாம் என்ற ஐயம் பலருக்கும் உண்டு. கூச்சத்தால் கேட்காமல் விட்டுவிடுவோரும் உண்டு. பொதுவாக ஓரிரு நாள் இடைவெளி போதுமானது. பிரசவத்தை ஒட்டிப் பொருத்தியிருந்தால் இந்தக் காலம் நீளும்.

அமைப்பும் செயல்பாடும்

காப்பர் டி, ஆங்கில எழுத்தான 'டி' வடிவில் அமைந்த சிறிய நெகிழிச் சட்டம். அதன் மேல் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அரசு மருத்துவமனைகளில் பயன்படும் 380 ஏ வகை 36 மி.மீ. நீளமும் 32 மி.மீ. அகலமும் கொண்டது, 10 ஆண்டுகள் வரை பயன்படும். 375 என்னும் வகை 5 ஆண்டுகளுக்கானது. செம்பிலிருந்து வெளிப்படும் நுண்துகள்கள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்வதால் கரு உருவாவதில்லை. முதல் ஆண்டில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்குகிறது. சாதனத்தை எடுத்தவுடன் கருவுறும் திறன் திரும்பிவிடும்.

பாதுகாப்பு தொடங்கும் நேரம்

காப்பர் டி பொருத்திய உடனே அதன் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. 'மருந்து வேலை செய்ய ஒரு வாரம் ஆகும்' என்ற கருத்து இதற்குப் பொருந்தாது. பாதுகாப்பற்ற உறவு நிகழ்ந்து 5 நாள்களுக்குள் பொருத்தினால்கூட அது கருத்தரிப்பைத் தடுக்கிறது.

தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும் இயக்குநீர் சுரக்கும் சாதனம் இதிலிருந்து வேறுபட்டது. மாதவிலக்கு தொடங்கிய முதல் 7 நாள்களுக்குள் அதைப் பொருத்தாவிட்டால், அடுத்த 7 நாள்களுக்கு ஆணுறை பயன்படுத்த வேண்டும். எனவே எந்த வகை பொருத்தப்பட்டது என்பதைப் பெண் அறிந்திருப்பது அவசியம்.

காத்திருக்க வேண்டிய காலம்

பாதுகாப்பு உடனே கிடைத்தாலும் உடலுக்குச் சிறிது ஓய்வு தேவை. சாதனம் கருப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தப்படுவதால், அன்றும் மறுநாளும் அடிவயிற்றில் மாதவிலக்கு வலி போன்ற வலியும் சிறிது உதிரப்போக்கும் இருக்கலாம். நோய்க்கிருமிகள் உள்ளே செல்லும் வாய்ப்பைக் குறைப்பதற்காக 24 முதல் 48 மணி நேரம் வரை உடலுறவைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் பலர் கூறுகின்றனர். அந்நாள்களில் ஆற்றிலோ குளத்திலோ மூழ்கிக் குளிப்பதையும் தள்ளிப்போடலாம். வீட்டில் வழக்கம்போல் குளிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளைத் தொகுத்து 1992இல் வெளியான ஆய்வு, இடுப்பறை நோய்த்தொற்றின் ஆபத்து முதல் 20 நாள்களில் மட்டுமே கூடுதல் என்றும் அதன் பின் மிகக் குறைவு என்றும் காட்டியது.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறிய 10 நிமிடங்களுக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ, அறுவை சிகிச்சையின் போதோ காப்பர் டி பொருத்தப்படுவது உண்டு. அப்போது காத்திருப்பதற்குக் காரணம் காப்பர் டி அன்று, பிரசவமே. உதிரப்போக்கு நின்று, தையல் ஆற வேண்டும். இதற்குப் பொதுவாக 6 வாரங்கள் சொல்லப்படுகின்றன. கருச்சிதைவுக்குப் பின் பொருத்தியிருந்தால் உதிரப்போக்கு நிற்கும் வரை காத்திருப்பது நல்லது.

இந்த நாள்கணக்கு எல்லாம் குறைந்தபட்ச அளவே. வலியோ அச்சமோ இருக்கும் வரை பெண் மறுக்கலாம். 'இனி கரு தங்காது' என்பது அவளது சம்மதத்துக்கு ஈடாகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுக்குள் நிகழும் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகவே கருதுகிறது.

நூல் பற்றிய ஐயங்கள்

காப்பர் டி கருப்பைக்குள் இருப்பதால் உறவின்போது அது ஆணின் உறுப்பில் படுவதில்லை. உறவினால் இடம் பெயர்வதும் இல்லை. அதன் அடியிலுள்ள மெல்லிய நூல் மட்டும் கருப்பை வாய்க்கு வெளியே சில செ.மீ. நீளத்துக்கு விடப்படுகிறது. முதல் சில வாரங்களில் நூலின் முனை கணவருக்கு உறுத்தலாம். நாளடைவில் நூல் மென்மையாகி வளைந்துவிடும். உறுத்தல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லி நூலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் அதை இழுக்கவோ வெட்டவோ கூடாது. மாதவிலக்குக் கிண்ணம் பயன்படுத்துவோர், கிண்ணத்தின் உறிஞ்சு பிடியைத் தளர்த்திய பின்னரே வெளியே எடுக்க வேண்டும்.

பிரசவத்தை ஒட்டிப் பொருத்திய பெண்களுக்குத் தொடக்கத்தில் நூல் தட்டுப்படாமல் இருக்கலாம். கருப்பை சுருங்கிய பின் நூல் கீழிறங்கும். 6ஆம் வாரப் பரிசோதனையில் இது பார்க்கப்படும்.

கவனிக்க வேண்டியவை

முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் மாதவிலக்கு அதிகமாகவும் வலியுடனும் வரலாம். பெரும்பாலும் பின்னர் குறைந்துவிடும். முதல் சில மாதங்களில் சிலருக்குக் காப்பர் டி தானாக வெளியேறுவதும் உண்டு. பிரசவத்தை ஒட்டிப் பொருத்தியவர்களிடம் இந்த வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே மாதவிலக்கு முடிந்ததும் கைகளைக் கழுவி, நூல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

- மாதவிலக்கு தள்ளிப்போதல்
- கடும் அடிவயிற்று வலி, உறவின்போது புதிதாக வலி அல்லது உதிரம்
- காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்
- நூல் தட்டுப்படாமை, நீளமாகத் தோன்றுதல், காப்பர் டியின் கெட்டியான முனை தட்டுப்படுதல்

நூல் தட்டுப்படாவிட்டால் பரிசோதனை முடியும் வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். பால்வினை நோய்களைக் காப்பர் டி தடுக்காது; அதற்கு ஆணுறையே வழி. காப்பர் டியை எடுக்கத் திட்டமிடுவோரும், குழந்தை வேண்டாம் எனில், எடுப்பதற்கு முந்தைய 7 நாள்கள் உறவைத் தவிர்க்கவோ ஆணுறை பயன்படுத்தவோ வேண்டும். விந்தணுக்கள் பெண்ணின் உடலில் சில நாள்கள் உயிருடன் இருப்பதே காரணம்.

லூப் காலத்துப் படிப்பினை

இந்தியாவில் குடும்ப நலத் திட்டம் 1952இல் தொடங்கியது. 1965இல் லிப்பஸ் லூப் என்னும் நெகிழி வளையம் நாடெங்கும் அறிமுகமானது. முகாம்களில் ஏராளமான பெண்களுக்கு அது பொருத்தப்பட்டது. ஆனால் உதிரப்போக்கு கூடலாம் என்று முன்கூட்டிச் சொல்வதிலும், பின்னர் அழைத்துப் பரிசோதிப்பதிலும் குறை இருந்தது. வளையம் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பன போன்ற வதந்திகள் பரவின. சில ஆண்டுகளிலேயே லூப் செல்வாக்கு இழந்தது. பின்னர் வந்த காப்பர் டி மேம்பட்டது. 380 ஏ வகை 2002இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஆயினும் பழைய அச்சம் முற்றிலும் விலகவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். காப்பர் டி பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

விக்கிரமசிங்கபுரம் வட்டாரத்தில்

தாமிரபரணிக் கரையில், பாபநாசத்தை அடுத்துள்ள விக்கிரமசிங்கபுரம் பகுதிப் பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களையோ அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையையோ நாடலாம். சிக்கலான நிலையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அரசு மருத்துவமனைகளில் காப்பர் டி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. பொருத்திய நாளும் வகையும் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிரசவத்தை ஒட்டிப் பொருத்துவதாயின், முன்கூட்டியே விளக்கிச் சொல்லிப் பெண்ணின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது விதி.

பீடி சுற்றுதல், வயல் வேலை போன்றவற்றுக்குக் காப்பர் டி தடையாகாது. வலி தீர்ந்ததும் வழக்கம்போல் செய்யலாம். வெளியூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் கணவர் விடுமுறையில் வருவதாக இருந்தால், சில வாரங்கள் முன்னதாகவே பொருத்திக்கொள்வது நல்லது. தொடக்க கால வலியும் உதிரப்போக்கும் அதற்குள் ஓரளவு தணிந்துவிடும்.

ஐயங்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும், 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவியும் கிடைக்கும்.