நோய் போயிடுச்சு... பயம் போகலையே!

“எங்க அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு ஒன்றரை வருஷமாச்சு. ‘இப்போ நோய் இல்லை’னு டாக்டரும் சொல்லிட்டார். ஆனாலும், லேசா முதுகு வலிச்சாலே ராத்திரி தூங்க மாட்டேங்கிறாங்க. வீட்டுல சும்மா இருங்கன்னா, சாமைக்குக் களையெடுக்க வர்றேன்னு அடம்பிடிக்கிறாங்க. விடலாமா?” என்று ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

புற்றுநோயிலிருந்து மீண்ட பலருக்கும் இந்தப் பயம் உண்டு. சிகிச்சை நடக்கும்போது அடுத்த ஊசி, பஸ், பணம் என்றே நாள் ஓடிவிடும். எல்லாம் முடிந்த பிறகுதான், ‘திரும்ப வந்துடுமோ’ என்ற கவலை மனதில் உட்காரும். பரிசோதனைத் தேதி நெருங்க நெருங்க அது கூடும். இது கோழைத்தனம் அல்ல. ‘அதான் சரியாப்போச்சே’ என்று வாயை அடைக்காமல், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அதேசமயம், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலியையோ, புதிய கட்டியையோ ‘வெறும் பயம்’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘என் வைத்தியத்துக்குத்தானே மாட்டை வித்தாங்க’ என்ற குற்ற உணர்வும் சிலரை அரிக்கும். அவர்களைச் சும்மா உட்கார வைத்தால், ‘நான் பாரமாயிட்டேன்’ என்ற எண்ணம்தான் வளரும்.

எனவே, மருத்துவரிடம் கேட்டுவிட்டு அத்தையைக் களைக்கு அழைத்துப் போங்கள். முதலில் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் முள், களைக்கொத்து படாமல் கையுறை போடச் சொல்லுங்கள். விறகுக்கட்டு போன்ற பாரம் வேண்டாம். கை வீங்கினாலோ, சிவந்து சூடானாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. புற்றுநோய் என்றாலே மரணம் என்று நினைத்த காலம் அது. இன்று மீண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு அத்தையைப் பேச வையுங்கள். நாம் சொல்லும் ஆறுதலைவிட அது ஆழமாக இறங்கும்.

தூக்கமின்மை தொடர்ந்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.