ஒரு பொம்மைக்கு ஆயிரம் டாலர்!

கட்டை விரலை விடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்றால் நம்புவது கடினம். நம்மில் பலருடைய மாதச் சம்பளத்தைத் தாண்டும் தொகை அது. ஆனாலும் உண்மை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'லெகோ' கட்டைகளைச் சேகரிப்பவர்களிடையே இத்தகைய வியாபாரம் ஆண்டு முழுவதும் நடக்கிறது.

லட்சக்கணக்கில் வார்த்தெடுக்கப்படும் பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்று மட்டும் எப்படி அபூர்வப் பொருளாகிறது? பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. "இன்று வாங்கி வையுங்கள், நாளை பத்து மடங்கு விலை போகும்" என்ற ஆசை வார்த்தை பொம்மைக் கடை வரைக்கும் வந்துவிட்டது.

தச்சர் தொடங்கிய தொழில்

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934-ல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். பிளாஸ்டிக் கட்டைகள் 1949-ல் வந்தன. மேலே குமிழும் உள்ளே குழலுமாக ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் அமைப்புக்கு 1958 ஜனவரி 28-ல் காப்புரிமை கேட்டு மனுச் செய்யப்பட்டது. அந்த அமைப்பில் அன்று செய்த கட்டை, இன்று செய்யும் கட்டையோடு பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஆறே கட்டைகளை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

கை கால் அசையும் குட்டி மனித உருவங்கள் 1978-ல் சேர்ந்தன. சேகரிப்பவர்கள் போட்டி போடுவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

திட்டமிட்ட அருமை

அபூர்வம் ஆவதற்கு முதல் வழி, கம்பெனியே குறைவாகச் செய்வது. 2013-ல் 'மிஸ்டர் கோல்டு' என்ற தங்க நிற மனிதர் வெளிவந்தார். உலகம் முழுமைக்கும் 5,000 பொம்மைகள் மட்டுமே. உள்ளே இருப்பது வெளியே தெரியாத சிறு பொட்டலங்களில் அவற்றைக் கலந்துவிட்டார்கள். பொட்டலத்தின் விலை சில டாலர்தான். ஆனால் தங்க மனிதர் கிடைத்தவருக்கு அது லாட்டரிப் பரிசு போல ஆயிற்று.

இதற்கு முன்பே 2007-ல், 'ஸ்டார் வார்ஸ்' சினிமாவின் 30-வது ஆண்டை முன்னிட்டு, அதில் வரும் சி-3பிஓ என்ற இயந்திர மனிதனைப் பொன் முலாம் போன்ற பளபளப்பில் 10,000 செய்து பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்தார்கள். அசல் 14 காரட் தங்கத்திலேயே செய்தவை ஐந்தே ஐந்து.

யாரும் திட்டமிடாதது

இரண்டாவது வழி இதற்கு நேர் மாறானது. 2003-ல் அதே சினிமாவை ஒட்டி 'கிளவுட் சிட்டி' என்ற பெட்டி வந்தது. விலை சுமார் 100 டாலர். அதில் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் பொம்மைக்குக் கைகளிலும் கால்களிலும் கூட அச்சு வேலை செய்திருந்தார்கள். அந்தப் பெட்டி சில காலமே விற்பனையில் இருந்தது. அதே பொம்மை வேறு எந்தப் பெட்டியிலும் வரவில்லை. ஆயிரம் டாலரைத் தாண்டும் பொம்மை என்று முதலில் சொன்னது இதைத்தான். அன்று பெட்டியைப் பிரித்து விளையாடிய சிறுவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழி காலம். 1963 வரை கட்டைகள் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளில் செய்யப்பட்டன. அது நாளடைவில் வளைந்து, நிறம் மங்கிவிடும். அதன் பிறகுதான் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக் வந்தது. ஆகவே கோணாத 1950-களின் கட்டை கிடைப்பது அரிது. 2004-ல் கம்பெனி சாம்பல், பழுப்பு நிறங்களின் சாயலைச் சற்று மாற்றியது. பார்வைக்குச் சிறு வித்தியாசம்தான். ஆனால் பழைய பெட்டியில் குறையும் ஒரு துண்டைத் தேடுபவருக்குப் புதிய சாம்பல் ஒட்டுப் போட்ட சட்டை போலத் தெரியும்.

கடல் கொண்ட கட்டைகள்

நான்காவது வழி விபத்து. 1997 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நோக்கிச் சென்ற 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் பேரலையில் சிக்கிச் சாய்ந்தது. 62 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் இருந்தவை 47 லட்சத்துக்கும் மேற்பட்ட லெகோ துண்டுகள். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல கடல் சம்பந்தப்பட்ட பொம்மைகள்!

கார்ன்வால் கடற்கரையில் இன்றும் அவை ஒதுங்குகின்றன. கன்டெய்னரில் இருந்த பூக்கள் 3,53,264. கறுப்பு ஆக்டோபஸ்களோ 4,200 மட்டுமே. ஆகவே ஆக்டோபஸ் கிடைப்பதைத்தான் பெரும் பேறாக நினைக்கிறார்கள். 2024-ல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஒன்றைக் கண்டெடுத்தது பத்திரிகைச் செய்தியாயிற்று. பெட்டியில் வந்த அதே ஆக்டோபஸ் சொற்ப விலைக்குக் கிடைக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். பொருள் ஒன்றே. கடல் கொடுத்தது என்பதால்தான் மதிப்பு. இதில் கவலைக்குரிய பக்கமும் உண்டு. கடலில் விழுந்த லெகோ கட்டை 100 முதல் 1,300 ஆண்டுகள் வரை அழியாமல் கிடக்கலாம் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020-ல் கூறியது.

வாங்கி வைக்கலாமா?

எண்ணிக்கை குறைவாக இருப்பது மட்டும் போதாது. வேண்டுமென்று தேடும் ஆட்களும் இருக்க வேண்டும். பொருளும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். வெயில் பட்ட வெள்ளைக் கட்டை மஞ்சளாகும். கீறல் விழுந்தால் பாதி விலை கூடத் தேறாது. போதாக்குறைக்குப் போலிகளும் நடமாடுகின்றன.

1987 முதல் 2015 வரை வெளிவந்த பெட்டிகளின் விலையை மாஸ்கோ ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, பிரிக்காத பெட்டிகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதம் ஏற்றம் தெரிந்தது. இதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு. ஆனால் சராசரி என்பதில் நஷ்டம் கண்ட பெட்டிகளும் அடக்கம். ஒண்டுக்குடித்தனத்தில் பெட்டியை எங்கே வைப்பது, பத்து வருடம் கழித்து யாரிடம் விற்பது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய பொம்மைகள் அரியவை ஆனதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் அவற்றை விளையாடித் தொலைத்ததுதான். "லிமிடெட் எடிஷன்" என்று அச்சிட்டதை எல்லோரும் பத்திரப்படுத்தினால், நாளை எல்லோர் வீட்டிலும் அது இருக்கும். பிறகு வாங்குவது யார்?

ஆகவே சேமிப்புக்குத் தபால் ஆபீஸ் இருக்கிறது. பொம்மை வாங்கினால் பெட்டியைப் பிரித்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.