கையடக்கக் கணினி – 9: திரை திரும்பினால் தொடுகையும் திரும்ப வேண்டும்

1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், அப்போது அதில் தேங்கியிருக்கும் நீர் 93.47 டி.எம்.சி. என்பதும் சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் டெல்டாவிலும் நாளிதழ் படிக்கும் உழவர்கள் அனைவரும் அறிந்த செய்திகள். அந்த நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் நீர் திறப்பையும் நாள்தோறும் காட்டும் சிறு பலகை ஒன்றை, ராஸ்பெரி பை கணினியைக் கொண்டு மேட்டூர்ப் பள்ளி மாணவர்கள் அமைப்பதாக வைத்துக்கொண்டால், 0 முதல் 120 வரை உயர்ந்து செல்லும் அளவுகோலைக் காட்ட, படுக்கைவாட்டில் கிடக்கும் திரையைவிட நெடுக்குவாட்டில் நிறுத்திய திரையே பொருந்தும். ஆனால் 2015இல் வெளிவந்த ராஸ்பெரி பையின் 7 அங்குலத் தொடுதிரை, அகலத்தில் 800, உயரத்தில் 480 படப்புள்ளிகள் கொண்டு படுக்கைவாட்டிலேயே வடிவமைக்கப்பட்டது. 2024இல் வந்த இரண்டாவது தொடுதிரையோ 720க்கு 1280 என்று நெடுக்குவாட்டிலேயே பிறந்தது. அதைப் படுக்கவைத்துப் பயன்படுத்துவோர்க்கு இதே சிக்கல் தலைகீழாக நேர்கிறது.

சிக்கல் இதுதான்: திரையை இடஞ்சுழியாகத் திருப்பி நிறுத்தி, அதை ஈடுகட்டப் படத்தை வலஞ்சுழியாக 90 பாகை திருப்பிவிட்டால் படம் நேராகிவிடுகிறது, ஆனால் ஒரு பொத்தானின் மீது விரல் வைத்தால் சுட்டி வேறெங்கோ போய் நிற்கிறது. திரை பழுதென்று கருதிப் புதியது வாங்குவோரும் உண்டு; அது வீண் செலவு. ஒரே சட்டத்துக்குள் இருப்பவை உண்மையில் இரண்டு கருவிகள். படம் காட்டும் பலகை ஒன்று, அதன்மேல் ஒட்டிய தொடுகண்ணாடி மற்றொன்று. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. விரல் நெருங்கும்போது அவ்விடத்தில் மின்தேக்குத் திறன் மாறுவதைத் தனிச் சில்லு ஒன்று அளந்து, இடத்தை எண்களாகக் கணினிக்கு அனுப்புகிறது. தனக்குப் பின்னால் படம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அந்தச் சில்லு அறியாது.

ஆகவே எண்களைத் திருத்துவதே தீர்வு. கண்ணாடியின் இயல்பான நிலையில் இடப்புற விளிம்பிலிருந்து உள்ள தொலைவை எக்ஸ் என்றும், மேல் விளிம்பிலிருந்து உள்ள தொலைவை ஒய் என்றும், இரண்டையும் 0 முதல் 1 வரையுள்ள பின்னமாகக் கொண்டால், படம் வலஞ்சுழியாக 90 பாகை திரும்பிய பின் புதிய எக்ஸ் என்பது பழைய ஒய். புதிய ஒய் என்பது 1லிருந்து பழைய எக்ஸைக் கழித்தது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே வரும் அணிப் பெருக்கலாக இதை எழுதினால், முதல் நிரை 0, 1, 0. இரண்டாம் நிரை -1, 0, 1. மூன்றாம் நிரை 0, 0, 1. எக்ஸுக்கும் ஒய்க்கும் கீழே 1 என்ற எண்ணைச் சேர்த்து மூன்று உறுப்புள்ள நிரலாக்கிப் பெருக்குவதால், கூட்ட வேண்டிய மாறிலியும் பெருக்கலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மூன்றாம் நிரை மாறாதது என்பதால் கணினிக்குத் தேவைப்படுபவை முதல் ஆறு எண்களே.

எண்களை எழுதுவதற்கு முன் நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. இணையத்தில் கிடைக்கும் ஆறு எண்களை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதைவிட இதுவே விரைவான வழி. மேற்கூறியவாறு படம் திரும்பியிருக்க, தொடுகை திருத்தப்படாமல் இருந்தால், மேல் இடது மூலையைத் தொடும்போது சுட்டி மேல் வலது மூலையிலும், மேல் வலது மூலையைத் தொடும்போது கீழ் வலது மூலையிலும் தோன்றும்; அதாவது எப்போதும் வலஞ்சுழியாக அடுத்த மூலை. சுட்டி இடஞ்சுழியாக அடுத்த மூலைக்குப் போனால் ஒரே திருத்தம் இருமுறை நடந்திருக்கிறது என்று பொருள். இடப்புறத்திலும் வலப்புறத்திலும் மேல் மூலையும் கீழ் மூலையும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தால், அச்சுகள் மட்டும் மாற்றப்பட்டு ஒன்றின் திசை திருப்பப்படாமல் விடுபட்டிருக்கிறது. அது சுழற்சி அன்று, கண்ணாடிப் பிம்பம்.

இருமுறைத் திருத்தம் நிகழக் காரணம், திருத்தத்தை எழுதக்கூடிய இடங்கள் பல என்பதே. கணினி தொடங்கும்போது படிக்கப்படும் கட்டமைப்புக் கோப்பில் இயக்கியின் அச்சுகளை மாற்றலாம். லிப்இன்புட் என்னும் உள்ளீட்டு நூலகத்துக்கு கருவிகளை அடையாளம் காணும் யுடெவ் விதி வழியாக ஆறு எண்களைத் தரலாம். திரையில் படம் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11 சூழலில் எக்ஸ்இன்புட் கட்டளையால் ஒன்பது எண்களையும் தரலாம், ஆனால் கணினியை மறுபடி தொடங்கினால் அது மறைந்துவிடும். அதற்கு மாற்றாக 2023 முதல் ராஸ்பெரி பை இயங்குதளத்தில் இயல்பாக்கப்பட்ட வேலண்ட் சூழலிலோ, தொடுகண்ணாடியை அதற்குரிய திரையோடு இணைத்துவிட்டால் சாளர மேலாளரே படத்தோடு தொடுகையையும் திருப்பிவிடுகிறது. பழைய விதியை அழிக்காமல் புதிய இயங்குதளத்துக்கு மாறுவோர் சிக்குவது இங்கேதான். திருத்தம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் உள்ளவை நீக்கப்பட வேண்டும்.

விலை குறைந்த 3.5 அங்குலத் திரைகள் பலவும் மின்தடை வகையைச் சேர்ந்தவை. அழுத்தும்போது இரு மெல்லிய படலங்கள் ஒன்றையொன்று தொடும் இடம் 0 முதல் 4095 வரையுள்ள எண்ணாக வருவதாலும், ஓரங்களில் அந்த எண்கள் திரைக்குத் திரை வேறுபடுவதாலும், திருப்பினால் மட்டும் போதாது, அளவும் சரிசெய்யப்பட வேண்டும். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைத் தொட்டால் ஆறு சமன்பாடுகள் கிடைக்கும். தெரியாத எண்களும் ஆறே என்பதால் விடை உறுதியாகக் கிடைத்துவிடும்.

அணிகள் பாடத்தை நடத்தும் கணித ஆசிரியர்கள் ஒரு தொடுதிரையை வகுப்புக்குக் கொண்டுவந்து, நான்கு மூலைகளையும் மாணவர்களையே தொடச் சொல்லி, ஆறு எண்களையும் கரும்பலகையில் அவர்களைக் கொண்டே வருவிக்க வேண்டும்.