வாய்ப்பூட்டும் கலாசாலையும்

ஒசூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளிகளின் பிள்ளைகளும், கிருஷ்ணகிரிக் குடியானவர்களின் பிள்ளைகளும் உயர்தரக் கல்வி நாடி எல்லை தாண்டிப் பெங்களூருக்கும், மற்றொரு பக்கம் சென்னைக்கும் செல்கிறார்கள். "படிக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிரு" என்பதே பெற்றோர் பலர் சொல்லியனுப்பும் புத்திமதி. அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு பெறுவது கல்வியாகுமா?

சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரலில் 'அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம்' என்ற மாணவர் சங்கம் தோன்றியது. ஜாதியைப் பற்றியும் மத்திய சர்க்காரின் கொள்கைகளைப் பற்றியும் அது விவாதங்கள் நடத்தியது. துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டது. அதன்மீது புகார் கூறும் மொட்டைக் கடிதம் ஒன்று டில்லிக்குப் போயிற்று. கல்வி இலாகா அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. 2015 மே மாதத்தில் சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. சலுகைகளைத் துஷ்பிரயோகம் செய்தார்கள் என்பது நிர்வாகத்தின் கட்சி. தங்கள் தரப்பைக் கேளாமலே தீர்ப்பளித்து விட்டார்கள் என்பது மாணவர் கட்சி. சென்னையிலும் டில்லியிலும் கண்டனக் கிளர்ச்சி மூண்டது. ஜூன் 7-ம் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வழக்கு உண்டு. 1964-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலை, மாணவர்கள் வளாகத்தில் அரசியல் பிரசாரம் செய்வதைத் தடுத்தது. மறியல் செய்த சுமார் 800 பேர் கைதாயினர். முடிவில் ஆசிரியர் சபையே 824 வாக்குகளுக்கு 115 என்ற கணக்கில் மாணவர் பக்கம் நின்றது.

ஒசூர்வாசிகள் இவ்விஷயத்தில் தொலைதூரம் போய்ப் பாடம் கற்க வேண்டியதில்லை. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அந்நிய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற அவரே, சென்னை மாகாணப் பிரதமரான பிறகு, கட்டாய இந்தியை எதிர்த்து 1938-ல் மறியல் செய்தவர்கள்மீது கடுஞ்சட்டத்தைப் பிரயோகித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். காலம் சுழன்றது. 1965-ல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து முழங்கியவர்களில் அவரும் ஒருவர். அவ்வருஷம் ஜனவரி 27-ம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை மாணவர் ராஜேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார்.

நேயர்களே, அதிகார பீடம் ஒருவருக்கே சாசுவதமானதன்று. இன்று பிறர் வாய்க்குப் பூட்டுப் போடுகிறவர், நாளை தாமே பேச இடம் தேட நேரலாம். மேதாவியான ராஜாஜியின் வாழ்விலேயே இது நிகழ்ந்ததென்றால், மற்றவர் எம்மாத்திரம்? நமக்குப் பிடித்த பேச்சுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை. பிடிக்காத பேச்சுக்குத்தான் தேவை. நமது அரசியல் சாசனத்தின் 19-வது ஷரத்து பேச்சுரிமையை அளித்திருக்கிறது. பொது அமைதி முதலிய காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை மட்டுமே அனுமதிக்கிறது. மொட்டைக் கடிதம் அக்காரணங்களில் ஒன்றன்று.

ஆகவே பெற்றோர்கள் புத்திமதியைச் சற்றே மாற்றிக்கொள்வார்களாக: "பொய் பேசாதே, பலாத்காரத்தில் இறங்காதே, எதிர்க்கட்சி சொல்வதையும் காது கொடுத்துக் கேள். பிறகு, உன் மனத்தில் பட்டதைத் தைரியமாகச் சொல்."